அம்மன் மாலையும் எப்பாக்சிப் பிசினும்

ஜொகூர்பாரு, துன் அப்துல் ரசாக் சாலைக்கு அருகே, இரயில் பாதையை ஒட்டி எழுந்தருளியிருக்கும் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயத்தினுள் அடியெடுத்து வைக்கும் பக்தரின் கண்கள் ஒளி எங்கிருந்து வருகிறது என்றே முதலில் தேடும். தூண், சுவர், விதானம் என எங்கு நோக்கினும் சிவப்பும் நீலமும் பச்சையும் ஊதாவுமாகக் கண்ணாடிச் சில்லுகள். 1922ஆம் ஆண்டில் ஒரு சிறு கொட்டகையாகத் தோன்றிய இத்திருத்தலம், குருஜி சின்னத்தம்பி சிவசாமி பாங்காக் நகரில் தொலைவில் மின்னக் கண்ட ஒரு கண்ணாடி வேலைப்பாட்டின் நினைவிலிருந்து புத்துருவம் பெற்று, 2009 அக்டோபரில் திறக்கப்பெற்றது. 2010இல் நாட்டின் முதல் கண்ணாடிக் கோயில் என மலேசியச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. பதிக்கப்பெற்ற சில்லுகள் ஏறத்தாழ 3 இலட்சம். ஆத்மலிங்க சந்நிதியின் சுவரிலோ நேபாளத்து உருத்திராட்சங்கள் பதிந்துள்ளன.

இக்காட்சியைக் கண்டு இல்லம் திரும்பும் அன்பர்களுக்குத் தாமும் ஒன்றைப் பதித்துப் பார்க்கும் ஆவல் பிறப்பது இயல்பே. அதற்கு இன்று பலரும் நாடுவது எப்பாக்சி ரெசின் என்னும் தெளிந்த பிசின். ஆனால் புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது, கும்பாபிஷேக நாளில் அம்மன் திருமேனியிலிருந்து கிடைத்த மாலையின் மலர்களை. அங்கேதான் பிழை நேர்கிறது. இறுகிய பிசினை மீண்டும் இளக்கி மலரை மீட்க வழியில்லை. பிரசாத மலரும் மறுமுறை கிடைப்பதில்லை.

பதித்து இறுக்கும் கலை நமக்குப் புதிதன்று. கருவறைத் திருமேனியைப் பீடத்தோடு இணைக்கும் அஷ்டபந்தனம், கொம்பரக்கு, குங்குலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் சேர்ப்பது. இவற்றுள் குங்குலியம் மரத்தின் பிசின். கொம்பரக்கு பூச்சி சுரக்கும் பிசின். எப்பாக்சியோ ஆய்வுக்கூடத்துப் பிள்ளை. 1930களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் ஆராய்ந்த இப்பொருள், 1946இல் அரால்டைட் என்னும் பசையாகச் சந்தைக்கு வந்தது. உடைந்த பீங்கானை ஒட்ட இரு குழாய்களைப் பிதுக்கிக் கலந்த நினைவு பல இல்லங்களில் இருக்கும். கலைப் பிசினும் அவ்வினத்ததே. (அஷ்டபந்தனத்துக்கு இதனை மாற்றாகக் கருதலாகாது, அது ஆகமம் வகுத்த நெறி.)

பிசின் ஒரு புட்டியிலும், அதனை இறுக்கும் ஹார்டனர் மற்றொரு புட்டியிலும் வரும். சரிபங்கா, இரண்டுக்கு ஒன்றா என்பதைப் புட்டியின் சீட்டு சொல்லும். அளவைக் கிண்ணத்தால் அளக்கச் சொல்லியிருந்தால் தராசில் நிறுக்கக் கூடாது. இரு திரவங்களின் அடர்த்தியும் வேறு. விரைவில் இறுகட்டும் என ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவோர் உளர். அதனால் விரைவு வராது, என்றும் பிசுபிசுப்பாய் நிற்கும் பலகைதான் மிஞ்சும். மூன்று முதல் ஐந்து நிமிடம், கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்தபடி, நிதானமாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் குமிழி மண்டும். கலவையை நிறையச் சேர்த்து ஆழக் கிண்ணத்தில் விட்டுவைத்தால் தானே சூடேறிப் புகையும் கிளம்பக்கூடும். ஆகவே சிறிதளவே கலந்து, மெல்லிய அடுக்காக ஊற்றுவது நலம். கையுறை கட்டாயம். சன்னல் திறந்திருக்கட்டும். பிசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது எளிதில் நீங்குவதில்லை.

இவையனைத்தையும் ஒழுங்காகச் செய்தும் ஜொகூரில் பலருடைய பலகை பால்போல் வெளுத்துப் போவதுண்டு. காரணம் கைத்திறன் அன்று, ஈரம். நவம்பர் தொடங்கி வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் மழைநாளில் காற்றே நனைந்திருக்கும். அந்த ஈரத்தோடு ஹார்டனர் வினைபுரிந்து மேற்பரப்பில் மெழுகுபோல் ஒரு படலம் படியும். வெயில் அடிக்கும் நாளைத் தேர்ந்து, வேறு வழியில்லையேல் குளிர்சாதன அறையில், தூசி படாமல் மூடி ஒரு நாள் வைக்க வேண்டும். முழு வலிமை ஏற மேலும் சில நாட்கள் ஆகும்.

முதற் பணிக்குக் கண்ணாடிச் சில்லே ஏற்றது என்பதன் காரணம் இப்போது விளங்கும். கண்ணாடியில் நீரில்லை, வாடாது, கறுக்காது. கழுவித் துடைத்து உலர்த்திய சில்லுகளை உள்ளங்கையளவுப் பலகையில் கோலம்போல் அடுக்கி, அவற்றின்மேல் பிசினை ஊற்றிப் பார்க்கலாம். முனை மழுங்கிய சில்லாக வாங்குவது விரலுக்கு நல்லது. நான்கைந்து பலகை கெட்டால்தான் என்ன? கை பழகும்.

கை பழகிய பின்னரே மாலைக்கு வரலாம். ஆனால் அதுவரை மாலையைத் தொங்கவிட்டு வாட விடலாகாது; கிடைத்த அன்றே இதழ்களைப் பிரித்து, காற்றுப் புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லில் புதைத்து வைப்பது அவசியம். மல்லிகை நிறம் மாறும். செவ்வந்தி இதழும் ரோஜா இதழும் ஓரளவு நிலைக்கும். நொறுங்கும் பதம் வந்த இதழே பிசினுக்குரியது. சற்றே ஈரம் இருந்தாலும் உள்ளேயே பழுத்துப் பழுப்பாகிவிடும்.

பூசையறைக்கென ரெசின் தட்டு செய்வோர் ஒன்றை மறக்கலாகாது. இப்பிசின் பெரும்பாலும் 50, 60 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். அதன்மேல் கற்பூரம் ஏற்றுவதோ அகல் வைப்பதோ தட்டையும் கெடுக்கும், தீயையும் வருவிக்கும். நைவேத்தியத்தை நேராக அதில் இடுவதும் தகாது. ஆரத்திக்குப் பித்தளைத் தட்டே இருக்கட்டும். அம்மன் மலர் பதிந்த பலகை, நேர்வெயில் பட்டு மஞ்சளிக்காத ஒரு சுவரில், திருவுருவப் படத்தின் அருகே இடம்பெறட்டும்.