பெட்டியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், தோழிகளே!



சேலை எடுக்கப் போனால் முந்தானையை விரித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். மிக்ஸி வாங்கினால் ஜாரைக் கழற்றி மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுப்போமா? ஆனால் டி.வி.யில் மாட்டுகிற இன்டர்நெட் பெட்டி மட்டும் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலேயே வீட்டுக்கு வந்து விடுகிறது. "எந்தப் படம் வரும், எந்த சீரியல் வரும்" என்பதோடு நம் கேள்வி முடிந்து போகிறது. பெட்டி எப்படி என்று யாரும் கேட்பதில்லை. வாங்குவது ஆண்களும் பிள்ளைகளும். நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டுவது நாம்!

அதனால் கீழ்வேளூரில் எங்கள் தெருவிலும், மகளிர் குழுக் கூட்டத்திலும் பார்க்கிற பெண்களிடமெல்லாம், "உங்க வீட்டுப் பெட்டி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டு வைத்தேன். சீரியலைப் பற்றி இல்லை. வயர், ரிமோட், அடாப்டர், சூடு இவற்றைப் பற்றி. அவர்கள் சொன்னதையும், விவரம் தெரிந்தவர்களிடம் நான் கேட்டுக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை கொஞ்சம். 2006-ல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தது. 14 அங்குலப் பெட்டி. எங்கள் பக்கம் எத்தனையோ கூரை வீடுகளில் முதன்முதலாக வந்த டி.வி. அதுதான். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017-ல் கேபிள் எல்லாம் டிஜிட்டல் ஆகி, வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வைத்தார்கள். அதே 2017-ல்தான் அமேசானின் ஃபயர் டி.வி. ஸ்டிக் 3,999 ரூபாய்க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2020-ல் ஷாவ்மியின் மி பாக்ஸ் 3,499 ரூபாய்க்கு வந்தது. இப்போது ஃபைபர் லைன் கொடுப்பவர்களே சேர்த்துப் பெட்டியும் தருகிறார்கள். இப்படிப் பெட்டி மேல் பெட்டி! ஆனால் டி.வி. மட்டும் எல்லா வீட்டிலும் மாறிவிடவில்லை. தொல்லை ஆரம்பிப்பதே அங்கேதான்.

துளை பொருந்த வேண்டாமா?

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார்கள். பெரியப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில். பெரியம்மாவுக்குத் துணை அந்த இலவச டி.வி.தான். போன வருஷம் மகன் ஆசையாக ஒரு ஸ்டிக் அனுப்பினார். "இனிமே கேபிள் வேண்டாம்மா, எல்லாம் இதுலயே வரும்" என்று போனில் சொல்ல, இவர்களும் கேபிளை நிறுத்திவிட்டார்கள். ஸ்டிக் வந்தது. சொருக இடமில்லை!

புதுப் பெட்டிகளில் இருப்பது ஹெச்.டி.எம்.ஐ. எனப்படும் தட்டையான முனை. இலவச டி.வி. போன்ற குண்டு டி.வி.யில் இருப்பதோ மஞ்சள், வெள்ளை என்று கலர் கலராக இருக்கிற வட்டத் துளைகள். அதை ஏ.வி. என்கிறார்கள். இரண்டும் நேராகச் சேராது. பெரியம்மா வீட்டில் ஒரு மாதம் சத்தமே இல்லை. "வீடு உம்முன்னு இருக்குடி ஆயி, சோறு இறங்கல" என்றார்கள். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

பிறகு சில நூறு ரூபாய்க்கு ஒரு மாற்றி வாங்கி மாட்டினார்கள். நடுவில் இருந்து சிக்னலை மாற்றித் தரும் குட்டிப் பெட்டி அது. அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். படம் வந்தது, ஆனால் அகலப் படத்தைச் சின்னத் திரையில் அடக்குவதால் ஆட்களெல்லாம் ஒல்லிக்குச்சியாகத் தெரிந்தார்கள். எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. பெரியம்மா கும்பிடு போட்டுவிட்டுப் பழைய கேபிளையே திரும்ப வைத்துக்கொண்டார்கள். ஸ்டிக் இப்போது பீரோவில் தூங்குகிறது.

டி.டி.எச்., ஃபைபர் கம்பெனிகள் தருகிற சில பெட்டிகளில் ஹெச்.டி.எம்.ஐ.யோடு ஏ.வி. துளையும் இருக்கிறது. பழைய டி.வி. உள்ளவர்கள் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வெளியூரிலிருந்து பிள்ளைகள் அனுப்புவதாகச் சொன்னால், டி.வி.யின் பின்பக்கத்தைப் போனில் படம் பிடித்து முதலில் அனுப்புங்கள். கேபிளை நிறுத்துவது அப்புறம்.

அடாப்டர் சின்னது, வேலை பெரிது

குழுவில் ஒரு தங்கச்சி சொன்னாள்: "அக்கா, நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். பொசுக்குன்னு அணைஞ்சு முதல்லேருந்து வரும். பெட்டி போச்சுன்னு நினைச்சோம்." பெட்டிக்கு ஒன்றும் இல்லை. அதற்கான அடாப்டரை மாட்டாமல், டி.வி.யின் பின்னால் இருக்கிற யூ.எஸ்.பி. துளையிலிருந்தே கரண்ட் எடுத்திருக்கிறார்கள். சாதாரண யூ.எஸ்.பி. துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். அரை வயிற்றுக் கஞ்சி குடித்துவிட்டு நாற்று நடச் சொன்னால் எப்படி? கூட வந்த அடாப்டரை மாட்டியதும் சரியாகிவிட்டது.

அடாப்டர் கெட்டால் சந்தையில் கிடைக்கிற ஏதோ ஒன்றை வாங்காதீர்கள். பழையதின் மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதேயோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

நம் டெல்டாவில் இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் நல்லது. ஃபைபர் வயர் கண்ணாடி இழை, அது வழியாக மின்னல் வராது. ஆனால் கரண்ட் வயர் வழியாக வருமே! சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே எடுக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் ரவுட்டரை முதலில் போட்டு, அது இரண்டு மூன்று நிமிஷம் நிதானமான பிறகு பெட்டியைப் போடுங்கள். இல்லையென்றால் 'நெட் இல்லை' என்று பெட்டி அழும், நாமும் வீணாக ரிமோட்டைக் குத்துவோம்.

ரிமோட் யாருக்காக?

நான் கேட்டவர்களில் அதிகம் பேர் குறை சொன்னது ரிமோட்டைத்தான். "நம்பரே இல்லாத ரிமோட் என்னா ரிமோட்டு?" என்று என் மாமியாரே கேட்கிறார்கள். கேபிள் ரிமோட்டில் தனக்குப் பிடித்த சானலின் நம்பரை மனப்பாடமாக அழுத்துவார்கள். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது கைவந்த வழி. புது ரிமோட்டில் ஒரு வட்டம், நாலைந்து பொத்தான், நடுவில் மைக். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று நகர்த்தி நகர்த்திப் போக வேண்டும். வயசானவர்களுக்கு இது புது எழுத்துப் பாடம் மாதிரி.

நல்லதும் சொல்ல வேண்டும். பழைய ரிமோட்டை டி.வி.க்கு நேராக நீட்ட வேண்டும், நடுவில் ஆள் நின்றால் வேலை செய்யாது. புதுப் பெட்டிகளின் ரிமோட் பெரும்பாலும் ப்ளூடூத். அடுப்படியில் நின்றபடியே சத்தத்தைக் குறைக்கலாம் என்று எதிர்வீட்டு அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். மைக்கில் படத்தின் பெயரைச் சொன்னால் தேடித் தருகிறது, பல நேரம் சரியாக, சில நேரம் சிரிப்பாக!

ரிமோட் திடீரென்று கேட்காமல் போனால் பயப்பட வேண்டாம். பேட்டரி மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், பெட்டியோடு அதன் ஜோடி பிரிந்திருக்கலாம். ஃபயர் டி.வி. ரிமோட்டில் வீட்டுப் படம் போட்ட பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மறுபடி சேரும்.

சின்ன ரிமோட் மெத்தைக்கடியில், தலையணை உறைக்குள் என்று தினம் தொலைகிறது. 2024-ல் கூகுள் வெளியிட்ட பெட்டியின் பின்னால் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களாம். அதை அழுத்தினால் ரிமோட் கூவிக் காட்டிக்கொடுக்கும். இந்த யோசனை எல்லாப் பெட்டிக்கும் வந்தால் பாதி வீட்டுச் சண்டை தீரும்.

குச்சியா, பெட்டியா?

இதில் எங்கள் குழுவே இரண்டு கட்சி! குச்சிக் கட்சி சொல்வது: "இடம் அடைக்காது, அம்மா வீட்டுக்குப் போனா பையில போட்டுக்கிட்டுப் போயிடலாம்." பெட்டிக் கட்சி சொல்வது: "குச்சி டி.வி. முதுகுல ஒட்டிக்கிட்டு கொதிக்குது, கோடையில நின்னு நின்னு ஓடுது."

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். குச்சியோடு கொடுக்கிற குட்டி நீட்டிப்பு வயரை மாட்டினால் டி.வி.யின் சூடு தாக்காமல் தள்ளித் தொங்கும். பக்கத்துத் துளையையும் மறைக்காது. பெட்டியை டி.வி.க்குப் பின்னால் மூடி வைக்காமல், மேலே துணி விரிக்காமல் காற்றாட வைக்க வேண்டும். அழகுக்குப் போடுகிற எம்ப்ராய்டரித் துணி அதற்கு வேண்டாம்!

சில பெட்டிகளில் லேன் துளை உண்டு. ரவுட்டரிலிருந்து நேராக வயர் போட்டுக்கொள்ளலாம். குச்சியில் அது கிடையாது, மி பாக்ஸிலும் கிடையாது, வைஃபைதான். பழைய கட்டடங்களில் கனமான சுவரைத் தாண்டுவதற்குள் வைஃபைக்கு மூச்சு வாங்குகிறது. வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு இருக்கும். 5 வேகம், ஆனால் பக்கத்து அறையோடு சரி. 2.4 மெதுவானாலும் தூரம் போகும். ரவுட்டர் ஒரு கோடி, டி.வி. ஒரு கோடி என்றிருக்கிற நீள வீடுகளுக்கு லேன் துளை உள்ள பெட்டியே மேல்.

போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் கவனிக்க: தெளிவான படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை இழுக்கும். நாளைக்கு 2 ஜி.பி. கார்டில் முழுப் படம் முடியாது.

பெட்டிக்குள் இருக்கிற இடமும் முக்கியம். பலவற்றில் 8 ஜி.பி.தான். அதிலும் பெரும்பங்கு அதன் சொந்த வேலைக்கே போய்விடும். பிள்ளைகள் விளையாட்டுகளை ஏற்றி ஏற்றி வைத்தால் பெட்டி ஆமை ஆகிவிடுகிறது. வேண்டாததை நீக்கினாலே வேகம் வரும்.

'எல்லாம் இலவசம்' பெட்டி

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பேர் தெரியாத பெட்டியை மலிவாகக் கொடுத்து, "சந்தாவே வேண்டாம், புதுப் படமெல்லாம் சும்மா வரும்" என்கிறார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இப்படிப்பட்ட பெட்டிகளைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. விற்பனைக்கு வரும் முன்பே சிலவற்றில் திருட்டு மென்பொருளை ஏற்றி விடுகிறார்களாம். நம் வீட்டு நெட் வழியாக வேறு யாரோ தப்புக் காரியம் செய்ய அது கதவு திறந்து விடும். அதே வைஃபையில்தானே நம் போனில் பேங்க் கணக்கும், குழுப் பணமும் பார்க்கிறோம்? மலிவுக்கு ஆசைப்பட்டு வாசல் சாவியைக் கொடுப்பதா?

இதற்கு ஒரு சோதனை உண்டு. செட்டாப் பாக்ஸ் போன்ற மின்னணுச் சாமான்களுக்கு நம் நாட்டில் 2013 முதல் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். பெட்டியின் அடியிலோ அடாப்டரிலோ 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற ஆப்பில் போட்டால் யாருடைய சாமான் என்று காட்டும். எண் இல்லையா, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

முடிவாக என் கருத்து

பெட்டி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மழை பெய்தால் டிஷ்ஷில் படம் புள்ளி புள்ளியாகப் போகிற தொல்லை இதில் இல்லை. வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாலும் மத்தியானம் விட்ட சீரியலைப் பார்க்க முடிகிறது. நம் நேரத்துக்கு டி.வி. காத்திருப்பது பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் பெட்டி செய்கிறவர்கள் புது டி.வி. வைத்திருக்கிற வீட்டை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். பெரியம்மாவைப் போன்றவர்கள் வீட்டிலும் டி.வி. இருக்கிறது. மலிவுப் பெட்டியில் ஒரு ஏ.வி. துளை, ரிமோட்டில் பெரிய நம்பர் பொத்தான், தமிழில் ஒரு பக்கம் விளக்கத் தாள் — இந்த மூன்றையும் கொடுத்தால் அவர்கள் குடியா முழுகிப் போகும்?

அதுவரை நாம்தான் கேட்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் துளை, அடாப்டர், ரிமோட், பதிவு எண் நான்கையும் பாருங்கள். "லேடீஸுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கடையில் யாராவது சிரித்தால், "நாங்கதானே தினம் போடுறோம்" என்று சொல்லுங்கள்.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்று நீங்களும் எழுதுங்கள், தோழிகளே. ஒருவருக்குத் தெரிந்தது நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்.

— ஓர் இல்லத்தரசி, கீழ்வேளூர்.