சாவித்துளை எங்கே போனது?

வழக்கமான கார்க் கதவில் கைப்பிடிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே ஒரு கம்பியோ கேபிளோ ஓடும். சாவித்துளையும் அதே தாழ்ப்பாளோடு பிணைந்திருக்கும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் சாவி கதவைத் திறப்பது அதனால்தான்.

அமெரிக்காவின் செவர்லே கார்வெட், 2005 மாடலாக வந்த சி6 தலைமுறையில் இந்தப் பிணைப்பைக் கண்ணுக்கு மறைத்துவிட்டது. முந்தைய சி5 கதவில் சாவித்துளை இருந்தது. சி6 கதவில் துளையும் இல்லை, துருத்தி நிற்கும் கைப்பிடியும் இல்லை. கதவின் பின்விளிம்புக் குழிவில் விரலை நுழைத்தால் ஒரு சுவிட்ச் தட்டுப்படும். உங்கள் பையிலுள்ள ரிமோட்டை ரேடியோ அலையால் கார் அடையாளம் கண்டுகொண்டால், சுவிட்சை அழுத்தியதும் மோட்டார் தாழ்ப்பாளை விடுவிக்கும்.

ஏன் இந்த மாற்றம்? திருடன் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்ப இடமில்லாமல் போகிறது. காற்றுத் தடை குறைவதாகவும் சொல்வார்கள். ஒரு சிறு துளையால் அதில் பெரிய வித்தியாசம் வந்துவிடாது. மழமழவென்ற கதவின் அழகுதான் முதல் காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் துளை காரை விட்டே போகவில்லை. சி6-இல் அது பின்புறம், நம்பர் பிளேட் பக்கம் ஒளிந்திருக்கிறது. ரிமோட்டோடு வரும் உலோகச் சாவியால் டிக்கியைத் திறந்து, உள்ளே இருக்கும் பட்டையை இழுத்தால் ஓட்டுநர் கதவு விடுபடும். எல்லாத் தயாரிப்பாளரும் இவ்வளவு தூரம் போகவில்லை. 2015 மாடலாக வந்த தலைமுறை ஃபோர்டு மஸ்டாங்கில் துளை ஓட்டுநர் கதவிலேயே, கைப்பிடியை ஒட்டிய சிறு மூடிக்கு அடியில் இருக்கிறது. எனக்கு இந்த ஏற்பாடே பிடித்திருக்கிறது. அவசரத்தில் தேடி அலைய வேண்டாம்.

உள்ளே இருப்பவர் நிலைமை இன்னும் முக்கியம். சி6-இல் உள்பக்கமும் கதவு பொத்தானால்தான் திறக்கும். மின்சாரம் நின்றுபோனால் இருக்கையை ஒட்டித் தரையில் உள்ள நெம்புகோலை இழுக்க வேண்டும். 2015-இல் டெக்சாஸில் பேட்டரி இணைப்பு கழன்ற ஒரு கார்வெட்டுக்குள் முதியவர் ஒருவர் சிக்கி, தன் நாயோடு வெப்பத்தில் இறந்தார். அந்தக் காரிலும் நெம்புகோல் இருந்தது. உயிரைக் காக்கும் பிடியைப் பதற்றத்திலும் கண்ணில் படும் இடத்தில்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், கண்ணாடி. இத்தகைய கார்களில் கதவுக்கு மேல்சட்டம் கிடையாது. கண்ணாடியின் விளிம்பு நேராக ரப்பர் பட்டைக்குள் போய் உட்காரும். கதவு திறக்கும்போது மோட்டார் அதைச் சற்றே கீழே இறக்கிக்கொடுக்கும். பேட்டரி செத்திருந்தால் இறங்காது. அப்போது கதவை மெதுவாகத் திறங்கள், அறைந்து சாத்தாதீர்கள்.

ரிமோட்டின் சிறு பேட்டரி தீர்ந்துபோவது வேறு கோளாறு. சாவியால் உள்ளே போய், சி6-இல் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும் பள்ளத்தில் ரிமோட்டைச் செருகினால் கார் அதை அடையாளம் காணும், எஞ்சின் கிளம்பும்.

புழங்காத பூட்டு துருவேறி இறுகிவிடும். ஆண்டுக்குச் சில முறையாவது உலோகச் சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். அந்தச் சாவியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருபவரிடம் நெம்புகோல் எங்கே என்று காட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.