பாண்டியனுக்கு எது ஊர்?

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை வகுப்பில் நடத்திய காலத்தில் மாணவி ஒருவர் கேட்டார்: “ஐயா, பாண்டியனுக்கு எது ஊர்?” விடை எளிதென்று கருதிச் ‘சின்னமங்கலம்’ என்றேன். அவர் விடவில்லை. “கதை நிகழும் காலத்தில் அவன் அங்கே காலடியே வைக்கவில்லையே?” என்றார். அக்கேள்வியை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

சிங்காரம் 1938இல் தம் பதினெட்டாம் வயதில் சுமத்திராவின் மெடான் நகருக்குப் பணிக்குச் சென்றார். போர் முடிந்தபின் 1946இல் தமிழகம் திரும்பினார். பதிப்பாளர் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இந்நாவல் 1972இல் வெளிவந்தது. ஜப்பானியர் வருகை, தொங்கானில் பினாங்குக்குக் கடற்பயணம், இந்திய தேசிய இராணுவம், இந்தோனேசிய விடுதலைப் போர் எனக் கதை விரிகிறது.

இங்குள்ள மாணவர் முதலில் அறிய வேண்டியது வட்டிக்கடை உலகத்தை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள். கடை என்பது ஒரு பெட்டியும் அதனருகே விரித்த பாயுமே. பகலில் கணக்கெழுதிய இடமே இரவில் படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலை உண்டு; தவணைக் காலம் மூன்றாண்டு. குடும்பமோ கடலுக்கு அப்பால். அயலகத்தில் ஒருவனுக்கு உரிய இடம் அந்தப் பெட்டியடி அளவே! (கிட்டங்கி என்பது ‘கிடங்கு’ என்பதோடு உறவுடைய சொல், மலாயின் ‘கூடாங்’ என்பதும் இவ்வினத்ததே எனச் சொல்லாய்வாளர் பலர் கருதுவர். மனிதரைப் போலச் சொற்களும் கடல் கடந்தன.)

இந்நாவலை ஊர் ஏக்கத்தின் கதையாக மட்டும் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மெடான் தெருவில் நடக்கும் பாண்டியனின் மனத்தில் மதுரைத் தெருக்கள் வந்து கலப்பது உண்மை. ஆயினும் தமிழரின் பழம்பெருமைப் பேச்சை அவனைப் போல் எள்ளியவர் நம் புனைகதையில் மிகச் சிலரே. அயலகம் மட்டுமன்று, தன் இனமும் அவனுக்குச் சற்றே அந்நியம்.

மொழியியலார் இங்கே கவனிப்பது ஒன்றுண்டு. வரவும் தரவும் தன்மை, முன்னிலைக்கு உரியன என்றும், செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்றும் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுக்கிறது. ‘ஊருக்குப் போகிறேன்’ என்று அயலகத் தமிழர் சொல்லும்போது, ஊர் படர்க்கை இடமாகிவிடுகிறது. ‘போய் வந்தேன்’ என்று முடிக்கும்போதோ, அவர் நிற்கும் மண்ணே ‘இங்கே’ ஆகிறது. நம் இல்லங்களில் நாள்தோறும் கேட்கும் தொடர்தான் இது. அதனாலேயே நாம் கவனிப்பதில்லை.

மறு வகுப்பில் இதை அம்மாணவியிடம் சொன்னேன். “அப்படியானால் பாண்டியன் போகவேண்டியவனா, போய் வரவேண்டியவனா?” என்று மீண்டும் கேட்டார். கதை அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஊர் திரும்பும் நினைவோடு இருப்பவன், கப்பலேறும் முன்னரே சுடப்பட்டு விழுகிறான்.