புல்லைத் தரிசென்று எழுதிய கல்வி

நீலகிரியின் உச்சியில் ஏறி நிற்போர் அங்கே ஒரு விநோதத்தைக் காண்பர். மலை மடிப்புகளில், ஓடைகளை ஒட்டி, அடர்ந்த சோலைகள். மேட்டு நிலமெங்கும் புல். தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம் அது. மரமில்லாத காரணத்தால் அதைத் தரிசென்று எண்ணிய ஆங்கிலேய அதிகாரிகள், ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டிலையும் யூகலிப்டஸையும் கொண்டுவந்து நட்டனர். 1947க்குப் பின் வந்த நம்மவரோ, அத்தவற்றைத் திருத்தாமல் பெருக்கினர். இன்று வாட்டில் நடுவாரின்றித் தானே பரவிப் புல்வெளியை விழுங்குகிறது.

பிரதிவாதியின் வாதத்தைக் கேளாமல் எழுதிய தீர்ப்பன்றோ இது? திறந்த மேட்டில் விழும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. புல்லோ அதைத் தாங்குகிறது. மழைநீரை வாங்கி ஓடைகளுக்கு மெல்ல விடுவதும் அப்புல்வெளியே. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, பழனி மலையில் 2006இலும் 2018இலும் கண்ணுக்கு விருந்தளித்த நீலக்குறிஞ்சிக்கும் புல்வெளியே வீடு.

பூஞ்செடிகளை ஆராய்ந்த பேராசிரியர்கள் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் தாவர சாஸ்திரம் போதித்த பைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் செடிகளைப் பற்றி 1915இல் நூல் வெளியிட்டார். திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜில் 1967இல் உலர்தாவர நிலையம் கண்ட பாதிரியார் மாத்யூ, சமவெளிச் செடிகளையும் பழனி மலைச் செடிகளையும் தொகுத்துப் பெருநூல்கள் செய்தார். செடியைத் தேடி அது வாழும் இடத்துக்கே சென்றவர்கள் இவர்கள்.

அவ்வழியை நமது சர்வகலாசாலைகள் கைவிடலாகாது. உலர்ந்த மாதிரியைப் பார்த்து லத்தீன் பெயரை ஒப்பிக்கும் மாணவன், அச்செடி அந்நிலத்தில் ஏன் முளைத்தது என்று கேட்டால் விழிப்பானாயின், அவன் பெற்ற பட்டத்தால் யாருக்கு என்ன பயன்? மலைநிலத்துக்கும் குறிஞ்சி, மலைப்பூவுக்கும் குறிஞ்சி என்று ஒரே பெயரிட்டவர் நம் முன்னோர். 99 பூக்களை அடுக்கிக் கூறும் குறிஞ்சிப்பாட்டு அவர்களுடைய செல்வம். செடியையும் நிலத்தையும் சேர்த்தே அறியவேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமன்று.

ஆகவே நாம் கோருவது இது: ஆண்டுக்கொரு நாள் உல்லாசப் பிரயாணம் போதாது. ஒவ்வொரு மாணவனும் ஒரு துண்டு நிலத்தை அளந்து குறித்துக்கொண்டு, பருவந்தோறும் அதில் முளைப்பன, பூப்பன, மறைவன யாவற்றையும் எண்ணி எழுதவேண்டும். அங்கே வாழும் மக்கள் அச்செடிகளுக்கு வழங்கும் பெயர்களையும் கேட்டறிய வேண்டும். பரீட்சையில் அதற்கு உரிய மதிப்பெண் தரவேண்டும்.

நாளைய வனாதிகாரி இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவனும் புல்லைக் கண்டு தரிசென்றே எழுதுவானாகில், குற்றம் அவனைச் சாராது. அவனுக்குக் கற்பித்தவர்களையே சாரும்.