ஆற்றின் கணக்கைச் சொல்லும் மென்பொருள்

1991ஆம் ஆண்டில் மலாக்காவின் டுரியான் துங்கல் அணைக்கட்டு வறட்சியால் வற்றியது. மக்கள் கடுமையான நீர்ப் பற்றாக்குறைக்கு ஆளாயினர். அதே மலாக்காவில் கனமழைக் காலத்தில் தாழ்வான பகுதிகளை வெள்ளம் சூழ்கிறது. பெய்யும் மழையில் எவ்வளவு நீர், எப்போது ஆற்றைச் சேரும் என்பதைக் கணிக்க முடிந்தால், இவ்விரு இடர்களையும் எதிர்கொள்ள நாம் ஆயத்தமாகலாம்.

மழைநீர் வழிந்து ஓர் ஆற்றைச் சேரும் நிலப்பரப்பு முழுவதையும் அவ்வாற்றின் வடிநிலம் என்பர். வடிநிலம் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. எடுத்துக்காட்டாக, மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் எல்லையாக ஓடும் கெசாங் ஆற்றுக்கு இரு மாநிலங்களிலிருந்தும் நீர் வருகிறது.

ஒரு ஹெக்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது 10,000 லிட்டர் நீராகும். அப்படியானால், 100 ஹெக்டர் செம்பனைத் தோட்டத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50 மில்லியன் லிட்டர் நீர் விழுகிறது. அதில் ஒரு பகுதி இலைகளில் தங்குகிறது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. எஞ்சிய நீரே ஆற்றை நோக்கி ஓடுகிறது. அத்தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறினால், கூரைகளும் தார்ச்சாலைகளும் நீரை மண்ணுக்குள் விடுவதில்லை. ஆகவே, அதிகமான நீர் விரைவாக ஆற்றைச் சேர்கிறது.

இக்கணக்கைப் பெரிய வடிநிலத்துக்குக் கையால் போடுவது கடினம். அதற்கு உதவுவதே ‘சுவாட்’ என்னும் மென்பொருள். அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் இதனை உருவாக்கினர். இது வடிநிலத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பகுதியின் சரிவு, மண்வகை, நிலப் பயன்பாடு ஆகியவற்றையும் அன்றாட மழையளவையும் கொண்டு, ஆற்றில் ஓடும் நீரை நாள்தோறும் கணக்கிடுகிறது. நகர வடிகால்களுக்கு 1971இல் வெளிவந்த ‘எஸ்.டபிள்யூ.எம்.எம்.’ என்னும் மென்பொருள் உதவுகிறது.

இவை திறந்தமூல மென்பொருள்கள். இவற்றை விலையின்றிப் பெறலாம். அதைவிட முக்கியமானது, இவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம் என்பதாகும். ஒரு தோட்டத்தை வீடுகளாக மாற்றினால் வெள்ளம் வருமா என்ற கேள்விக்கு ஒருவர் விடை கூறினால், அவ்விடை எந்தச் சூத்திரத்தால் வந்தது என்பதை மற்றவர் சோதித்துப் பார்க்கலாம். ஒரே மழையைத் தோட்டத்துக்கு ஒருமுறையும் வீடமைப்புப் பகுதிக்கு ஒருமுறையும் பெய்யச் செய்து, வேறுபாட்டையும் காணலாம். கால்வாயை எவ்வளவு அகலமாக வெட்டுவது, வெள்ளநீரைத் தேக்கும் குளத்தை எவ்வளவு பெரிதாக அமைப்பது என்பதைக் கட்டுமானத்துக்கு முன்பே முடிவு செய்யலாம்.

எனினும், மென்பொருள் தானாக உண்மையைக் கூறிவிடாது. தவறான மழையளவைக் கொடுத்தால் தவறான விடையே கிடைக்கும். ஆகவே, கணக்கிட்ட அளவை ஆற்றில் உண்மையில் அளந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவர். மழைமானியை நாள்தோறும் பார்த்துக் குறிப்பவரின் நேர்மையான உழைப்பே இக்கணக்கின் அடித்தளம்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்றனர் நம் முன்னோர். எங்கே, எவ்வளவு உயரத்தில் அணை போடுவது என்பதை அறியத் திறந்தமூல மென்பொருள் இன்று துணைபுரிகிறது.