இறங்காத பாட்டு, இறங்கும் நூல்

பிடித்த இசைக்கலைஞரை வைத்து எம்ப்ராய்டரி செய்யலாம் என்றால் முதலில் தோன்றுவது முகம்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இளையராஜா, வெள்ளை ஜிப்பா, முன்னால் ஆர்மோனியம். பென்சிலில் வரைந்தும் பார்த்தேன். யாரோ தூரத்துச் சித்தப்பா போல வந்தது. அதோடு, முகத்தைத் தைத்தால் அது ராஜா ரசிகை வைத்திருக்கும் படம் ஆகுமே தவிர, அதில் பாட்டு இருக்காது. எனக்குப் பாட்டு வேண்டியிருந்தது. காரணம் அம்மா.

அம்மாவுக்கு 71 வயது. மூன்று வருஷமாகக் காது மந்தம், போன வருஷம் மெஷின் வைத்தோம். பேச்சு ஓரளவு கேட்கிறது. பாட்டுதான் போய்விட்டது. இந்த மெஷின்கள் முதன்மையாகப் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கித் தரும். பேச்சுக்கு அது வரப்பிரசாதம், பாட்டின் ஏற்ற இறக்கத்துக்குக் கெடுதல். மெஷின் கூவாமல் இருப்பதற்காக ஒரு தடுப்பும் உள்ளே உண்டு. புல்லாங்குழல் ஒரே ஸ்வரத்தில் நீண்டு நின்றால், அதையே கூவல் என்று எடுத்துக்கொண்டு சில சமயம் அறுத்துவிடும். இசைக்கென்று தனி அமைப்பு இருக்கிறது, அதையும் வைத்துப் பார்த்தோம். "முன்னைக்குப் பரவாயில்லை"ன்னு சொன்னாள். அப்புறம் அவளாக ஒருநாளும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுத்தந்ததும் அவள்தான், ராகம் சொல்லித்தந்ததும் அவள்தான். 'சிந்து பைரவி' 1985இல் வந்தது. கேசட் வீட்டுக்கு வந்ததிலிருந்து, மத்தியானம் தையலோடு அதுதான் ஓடும். ஜேசுதாஸ் பாடிய 'கலைவாணியே' வரும்போது ஒருநாள் ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கவனிச்சியாடி, இந்தப் பாட்டு ஏறிக்கிட்டே போகும். இறங்கவே இறங்காது."

அது பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கர்நாடக இசையில் ஒரு ராகத்துக்கு ஆரோகணம் என்று ஏறுவரிசையும், அவரோகணம் என்று இறங்குவரிசையும் உண்டு. பாடும்போது இரண்டும் கலந்து வரும். ஏறின குரல் இறங்கித்தானே ஆக வேண்டும்? ராஜா இந்தப் பாட்டைக் கல்யாணியின் ஆரோகணத்தை மட்டும் வைத்து அமைத்தார். ஒவ்வொரு துண்டும் மேல்நோக்கியே நகரும். மறுபடி கீழ் ஸ்வரம் வேண்டுமென்றால், ஏறிய துண்டை முடித்துவிட்டு அடுத்த துண்டைக் கீழேயிருந்து தொடங்க வேண்டும். படிக்கட்டில் ஏறிப் போனவர் இறங்கி வருவதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் மறுபடி கீழ்ப்படியில் நிற்கிறார். அப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பதே தெரியாமல் எத்தனை பேர் அந்தப் பாட்டை ரசித்திருப்போம்! அதுதான் ராஜா.

அவருடைய 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பிலிருந்து ஏதாவது எடுக்கலாமா என்றும் ஒரு வாரம் யோசித்தேன். 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தது. அதில் ஃபியூக் முறையில் ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வரும். நாலு நிற நூலில் அழகாக வரும்தான். ஆனால் அம்மாவின் பாட்டு அது இல்லை.

பாட்டின் வடிவத்தை எப்படித் துணியில் இறக்குவது? பலரும் ஏழு ஸ்வரத்துக்கு ஏழு நிறம் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரிஷபம் ஏன் பச்சை, காந்தாரம் ஏன் மஞ்சள் என்று கேட்டால் பதில் கிடையாது. உயரத்துக்குப் பதில் உண்டு. மேல் ஸ்வரம் மேலே, கீழ் ஸ்வரம் கீழே, நேரம் இடமிருந்து வலம். அவ்வளவு போதும் என்று வைத்துக்கொண்டேன்.

உயரத்தை மட்டும் சரியாகக் கணக்குப் போட வேண்டும். ஏழு ஸ்வரத்தையும் சம இடைவெளியில் வைத்தால் ராகமே காணாமல் போய்விடும். கீபோர்டில் பார்த்தால் புரியும். ச விலிருந்து மேல் ச வரை கறுப்பும் வெள்ளையுமாக 12 எட்டு. கல்யாணியில் ச-ரி, ரி-க, க-ம மூன்றும் இரண்டிரண்டு எட்டு. ம-ப ஒரே எட்டு. ப-த, த-நி மறுபடி இரண்டிரண்டு. நி-ச ஒரு எட்டு. ஒரு எட்டுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரு ஸ்தாயி 6 சென்டிமீட்டர். அகலப்படிகளுக்கு நடுவே இரண்டே இரண்டு குறுகின படிகள். சங்கராபரணமாக இருந்தால் முதல் குறுகல் க-ம நடுவில் வந்திருக்கும். இரண்டு ராகத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு மத்யமம்தான். ஆக, குறுகல் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தே ராகத்தைச் சொல்லிவிடலாம். இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. பாட்டு வகுப்பை நாலு வருஷத்தில் விட்டவள். கீபோர்டில் ஒரு விரலால் தேடித் தேடி, பாட்டின் தொடக்கத்தை மட்டும் 11 துண்டாகப் பிரித்துக்கொண்டேன். கிராஃப் தாளில் புள்ளி வைத்து, கோடு இழுத்து, மஞ்சள் கார்பன் வைத்துத் துணியில் ஏற்றினேன். ஒரு மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், வெளுக்காத காடா. ஒரு துண்டுக்கு 8 சென்டிமீட்டர் அகலம் ஒதுக்கினால் 11 துண்டும் அடங்கிவிடும், வாசல் தோரணம் மாதிரி நீளமாக. நூல் அம்மாவின் பழைய தகர டப்பாவிலிருந்து, அரக்கு நிறம். பழைய சிவப்பு, அரக்கு நூல்களை எடுத்தால் முதலில் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்குகிற நூலாக இருந்தால் கடைசியில் துவைக்கும்போது எல்லாம் போச்சு. இது தப்பித்தது.

பேக் ஸ்டிட்சில் ஆரம்பித்தேன். நாம் எல்லாரும் கோடு என்றால் கை தானாகப் போகும் தையல் அது. மூன்று துண்டு முடிந்து நாலாவது துண்டில் ஒரு மத்தியானம், ஊசியை மேலே எடுத்துப் பின்னால் குத்தும்போது கை அப்படியே நின்றது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

பேக் ஸ்டிட்சில் ஊசி ஓர் அடி முன்னே போய் வெளியே வரும், பிறகு வந்த வழியே பின்னால் போய்க் குத்தும். துணியின் முன்பக்கத்தில் நூல் ஒவ்வொரு தையலிலும் பின்னோக்கித்தான் போகிறது. முன்னேற்றம் எல்லாம் துணிக்குப் பின்னால். பார்க்கிறவருக்குக் கோடு ஏறுவது போலத் தெரியும். உண்மையில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு இழையும் இறங்கிக்கொண்டிருக்கிறது! இறங்காத பாட்டை நான் இறங்கி இறங்கித் தைத்திருக்கிறேன்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டிருக்கலாம். ஆனால் பெறப்போகிறவள் அம்மா. அவளுக்குத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு தையலாகத் தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். சங்கிலித் தையலில் ஒவ்வொரு கண்ணியும் முன்னே போய் வளைந்து திரும்பி வரும். ஏறுதலும் இறங்குதலும் ஒரே கண்ணியில், ஆகாது. ஓட்டுத் தையல் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறிக்கொண்டே போகும், விதி உடையாது. ஆனால் நடுநடுவே இடைவெளி விடும். ஜேசுதாஸ் குரலில் இடைவெளியா? கடைசியில் மிஞ்சியது காம்புத் தையல், பூவுக்குக் காம்பு போட நாம் முதல் வகுப்பிலேயே கற்கிற அதே தையல். 5 மில்லிமீட்டர் முன்னே போய்க் குத்தி, பின்பக்கமாக 2.5 மில்லிமீட்டர் திரும்பி, போட்ட தையலின் நடுவில், பக்கத்திலேயே வெளியே வரும். முன்பக்கம் முழுக்க ஏற்றம், பின்பக்கம் முழுக்க இறக்கம்.

இன்னொன்றும் கவனித்தேன். பேக் ஸ்டிட்சும் காம்புத் தையலும் ஒரே தையலின் இரண்டு முகம்தான். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் மற்றது. நூல் செலவும் ஒன்றே. கோட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்கு. என் 11 துண்டுக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேண்டும், ஆறு இழை நூலில் இரண்டு இழை பிரித்துத் தைத்தேன். தையல்கள் ஒன்றை ஒன்று தழுவிக்கொண்டு போவதால் கோடு முறுக்கின கயிறு போல இருக்கும். ஸ்வரத்தில் நின்றுகொண்டே குரல் அசைகிற அசைவுக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த முறுக்கு நடுவில் மாறாமல் இருக்க வேண்டுமானால் நூலை எப்போதும் கோட்டின் ஒரே பக்கத்தில் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். நான் வலப்பக்கம் பிடித்தேன்.

மூன்றரைத் துண்டையும் பிரித்தேன். பிரிக்க மூன்று சாயங்காலம் ஆனது.

அடுத்த சிக்கல் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில். மேல் ஷட்ஜத்தில் முடிந்த நூல் மறுபடி கீழே போக வேண்டும். முறையாகச் செய்வதென்றால் அங்கே நூலை முடித்து வெட்டி, கீழே புதிதாகத் தொடங்க வேண்டும். பின்பக்கம் நீளமாக நூலை இழுத்துக்கொண்டு போவது கற்றுக்குட்டி வேலை. ஓர் அங்குலத்துக்கு மேல் போனால் நகத்தில் மாட்டும், வளையலில் மாட்டும், இழுத்தால் முன்பக்கம் துணி சுருங்கும். அம்மாவின் வகுப்பில் இதற்குத் தலையில் குட்டு விழும். ஆனால் பாட்டு வெட்டுப்படவில்லையே! அது ஒரே பாட்டு. ஏறினவர் எங்கோ ஒரு வழியாக இறங்கித்தான் வருகிறார், நமக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். வெட்டக் கூடாது என்று முடிவெடுத்தேன். பத்து இடத்தில் நூலைப் பின்பக்கமாகவே மேலிருந்து கீழே இறக்கினேன், சில இடத்தில் 6 சென்டிமீட்டருக்கும் மேல். இழுக்காமலும் தொளதொளவென்று விடாமலும்.

நீலகிரியில் தோடர்கள் செய்யும் பூவேலை அப்போது நினைவுக்கு வந்தது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, சட்டமோ வரைந்த கோலமோ இல்லாமல் இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். அவர்கள் ஊசி ஓட்டுவது துணியின் மறுபக்கத்திலிருந்து. நமக்குப் பின்பக்கம் என்று தோன்றும் சொரசொரப்பான பக்கம் அவர்களுக்கு வெளியே காட்டுகிற பக்கம். எது முன், எது பின் என்பதை ஊசி தீர்மானிப்பதில்லை. என் துணியின் பின்பக்கத்தைப் பற்றி எனக்கிருந்த கூச்சம் அதில் கொஞ்சம் போயிற்று. முழுக்கப் போகவில்லை.

இரண்டு மாதத்தில் முடிந்தது. அலசி, பின்பக்கம் தேய்த்து, அம்மா மடியில் போட்டேன். என்ன பாட்டு என்று சொல்லவில்லை.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, முதல் துண்டின் கீழ்முனையில் விரலை வைத்தாள். ஏறினாள். ஒரு படி, இன்னொரு படி. மூன்றாவது படிக்கு அப்புறம் விரல் நின்றது. திரும்பக் கீழே வந்து மறுபடி ஏறி, அதே இடத்தில் நின்றாள்.

"இங்க கிட்டக்க இருக்கே. பிரதி மத்யமமா?"

தலையாட்டினேன். விரல் அடுத்த துண்டுக்குப் போனது, அதற்கடுத்ததுக்கும். ஏழாவதிலோ எட்டாவதிலோ உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கடைசித் துண்டு முடிந்ததும், எந்தத் தையல்காரியும் செய்வதைச் செய்தாள். துணியைத் திருப்பினாள்.

"ஏன்டி இப்படி விட்டிருக்க? மாட்டிக்கும்ல?"

"இறங்குற வழிம்மா அது," என்று கத்திச் சொன்னேன். "முன்னாடி இறங்கக் கூடாதுல்ல. அதான் பின்னாடி."

பத்து நீள இழையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தகர டப்பாவை எடு என்று கை காட்டினாள். மெல்லிய ஊசியில் ஒற்றை இழை கோத்து, துணியின் ஒரே ஒரு நூலை மட்டும் ஊசியில் தூக்கி, முதல் இழையை நடுவில் ஒரு சின்னத் தையலால் பிடித்துக் கட்டினாள். முன்பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டினாள். ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

"நீ மிச்சத்தைப் போடாத, நான் போடுறேன்," என்றாள். அன்று மூன்று போட்டாள். இன்னும் ஏழு இருக்கிறது.