லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லையா?

சனிக்கிழமை மாலை. எதிர் வீட்டுத் தையற்காரர் அவசர அவசரமாகத் தெருவில் இறங்கினார். கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு.

"எங்கே இவ்வளவு வேகம்?" என்று கேட்டேன்.

"அடகுக் கடைக்கு சார். பொண்ணோட லேப்டாப் கெட்டுப் போச்சு. 'போர்டு' போயிடுச்சாம். 7,500 ரூபாய் ஆகும்னு கடையிலே சொல்றாங்க. திங்கட்கிழமை காலேஜிலே பிராஜெக்ட் கொடுக்கணுமாம். எல்லாம் அதுக்குள்ளேதான் இருக்கு" என்றார்.

முடிச்சுக்குள் இருந்தது அவர் மனைவியின் கம்மல்.

"ஐந்து நிமிஷம் பொறுங்கள். நான் ஒரு தடவை பார்த்து விடுகிறேன்" என்று சொல்லி, அவரோடு வீட்டுக்குள் சென்றேன்.

பெண் லேப்டாப்பைப் போட்டுக் காட்டினாள். திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. அதன் சாரம் இதுதான்: செருகியிருக்கும் அடாப்டர் என்ன வகை, எத்தனை வாட் என்று தெரியவில்லை; பேட்டரி சார்ஜ் ஆகாது; லேப்டாப் மெதுவாகத்தான் ஓடும்.

"கரண்டிலே ஓடுது மாமா. ஒயரைப் பிடுங்கினா உடனே அணைஞ்சு போயிடுது. மூணு நாளா சார்ஜ் ஏறவே இல்லை" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. ஏன் தெரியுமா?

சேதி சொல்லும் முள்

லேப்டாப் சார்ஜர் பார்வைக்குச் சாதாரணப் பொருள். ஒரு முனை சுவரில். மறு முனை லேப்டாப்பில். நடுவில் சிறு செங்கல் போல ஒரு பெட்டி. அந்தப் பெட்டிதான் அடாப்டர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறு மின்சாரத்தை 19 அல்லது 20 வோல்ட் நேர் மின்சாரமாக மாற்றித் தருவது அதன் வேலை.

இந்த வேலைக்கு இரண்டு கம்பிகள் போதும். ஆனால் பல லேப்டாப் சார்ஜர்களின் உருண்டை முனைக்குள் எட்டிப் பாருங்கள். நடுவில் ஊசி போல் மெல்லிய முள் ஒன்று இருக்கும். அது முக்கியமாக மின்சாரம் கொண்டு போவதற்கு அல்ல. சேதி சொல்வதற்கு!

டெல் அடாப்டர்களுக்குள் ஒரு சிறு நினைவுச் சில்லு உண்டு. "நான் 65 வாட் தருவேன்" என்பது போன்ற விவரம் அதில் பதிந்திருக்கும். நடு முள் வழியாக லேப்டாப் அதைப் படித்துக் கொள்கிறது. லெனோவாவின் சப்பை முனை அடாப்டர்களில் ஒரு சிறு ரெசிஸ்டரே அந்த அடையாளத்தைச் சொல்லி விடும்.

எதற்காக இந்த விசாரணை? 90 வாட் வேண்டிய லேப்டாப்பில் 45 வாட் அடாப்டரைச் செருகினால், அடாப்டர் தன் சக்திக்கு மீறி உழைக்கும், சூடேறும், கெட்டுப் போகும். ஆகவே, "நீ யார், எவ்வளவு தருவாய்?" என்று லேப்டாப் முதலிலேயே கேட்டு விடுகிறது. பதில் வராவிட்டால் அது ஜாக்கிரதையாக நடந்து கொள்கிறது. தான் ஓடுவதற்கு மட்டும் மின்சாரம் எடுத்துக் கொள்கிறது. பேட்டரிக்குக் கொடுப்பதில்லை. வேகத்தையும் குறைத்துக் கொள்கிறது.

மின்சாரம் வரும் கம்பிகள் தடிமனானவை. சேதி வரும் கம்பியோ மிக மெல்லியது. சார்ஜர் ஒயரை இழுத்து, மடக்கி, பெட்டியின் மேல் இறுக்கிச் சுற்றினால் முதலில் அறுவது அதுதான். அது அறுந்தால் லேப்டாப் ஓடும். சார்ஜ் மட்டும் ஏறாது. போர்டும் நல்லது, பேட்டரியும் நல்லது. இருந்தும் வீட்டில் ஒரே கலவரம்!

சுவரிலிருந்து தொடங்குங்கள்

சார்ஜ் ஏறவில்லை என்றால் கடைக்கு ஓடுமுன், சுவரிலிருந்து லேப்டாப் வரை வரிசையாகப் பார்த்துக் கொண்டே வாருங்கள். எல்லாம் காசு செலவில்லாத சோதனைகள்.

முதலில் பிளக் பாயிண்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு, நேராகச் சுவரிலேயே செருகுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் சாதனத்தை உபயோகிக்க வேண்டாம். லேப்டாப்பின் உலோக மேல்பாகத்தில் கை வைத்தால் 'சுரீர்' என்கிறதா? பெரும்பாலும் எர்த் இணைப்பு இல்லாததே காரணம். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இரண்டாவது, அடாப்டரின் விளக்கு. பல அடாப்டர்களில் சிறு விளக்கு ஒன்று இருக்கும். லேப்டாப்பில் செருகாத போதே அது எரியவில்லை என்றால், கோளாறு அடாப்டரிலோ, சுவரிலிருந்து அதற்கு வரும் ஒயரிலோதான். அந்த ஒயரைத் தனியாகக் கழற்றலாம், விலையும் குறைவு. வேறொன்றை மாற்றிப் பாருங்கள். விளக்கு நன்றாக எரிந்து, லேப்டாப்பில் செருகியவுடன் அணைந்தால், எங்கோ 'ஷார்ட்' இருக்கிறது. உடனே பிடுங்கி விட்டு, ரிப்பேர்காரரிடம் கொண்டு போங்கள்.

மூன்றாவது, முனை. சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு நடு முள் வளைந்திருக்கிறதா, ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப் பக்கத்துத் துளையில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கலாம். கம்பி, குண்டூசி போட்டுக் குடைய வேண்டாம்.

நான்காவது, ஒயரின் கழுத்து. செருகிய நிலையில் முனையருகே ஒயரை மெல்ல அசையுங்கள். சார்ஜ் ஏறும் அடையாளம் வந்து வந்து போனால் கோளாறு அங்கேதான். முனையே துளைக்குள் தளர்ந்து ஆடினால், லேப்டாப்பின் துளை தேய்ந்திருக்கலாம். அந்தத் துளையைத் தனியாக மாற்ற முடியும். அதற்காகப் போர்டையே மாற்ற வேண்டியதில்லை.

ஐந்தாவது, தேங்கிய மின்சாரத்தை வடிப்பது. லேப்டாப்பை நிறுத்துங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றக் கூடியதாக இருந்தால் கழற்றுங்கள். ஸ்விட்சை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து விட்டு, மறுபடி எல்லாவற்றையும் பொருத்துங்கள். சில சமயம் இதிலேயே குணமாகி விடும்.

ஆறாவதுதான் தலையாய சோதனை. அதே வகை, அதே வாட் கொண்ட நல்ல அடாப்டரை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். எச்சரிக்கை மறைந்தால் குற்றவாளி உங்கள் அடாப்டர். மறையவில்லையா? அப்போது லேப்டாப்பின் துளையையோ போர்டையோ சந்தேகிக்கலாம்.

டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி. ஸ்விட்ச் போட்டவுடன் எஃப்-2 பொத்தானைத் தட்டினால் உள் அமைப்புத் திரை வரும். அதில் பேட்டரி பற்றிய பகுதியில், அடாப்டர் எத்தனை வாட் என்று காட்டும். 'தெரியவில்லை' என்று காட்டினால் சேதி வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

சீட்டைப் படியுங்கள்

புது அடாப்டர் வாங்க நேர்ந்தால் பழையதன் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். 'அவுட்புட்' என்ற வரிதான் முக்கியம். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்குங்கள். 65 வாட் வரும். 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் என்றால் 90 வாட்.

வோல்ட் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக் கொள்ளும். ஆகவே 65 வாட் லேப்டாப்பில் அதே கம்பெனியின் 90 வாட் அடாப்டரைச் செருகினால் ஆபத்தில்லை. முனை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் எதையும் வாங்கி விடாதீர்கள்.

நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் அடாப்டர் ஆசை காட்டும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? அடாப்டர்களைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2014-ல் உத்தரவிட்டது. பதிவான அடாப்டரின் மேல் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டு நிஜம்தானா என்று பார்த்துக் கொள்ளலாம்.

கெட்டுப் போன அடாப்டர் பெட்டியைப் பிளந்து பார்க்கும் கைத்திறமையும் வேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே சுமார் 325 வோல்ட் நேர் மின்சாரமாகத் தேங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து!

போன் சார்ஜர் போதுமா?

புது லேப்டாப்கள் பலவற்றில் உருண்டை முனை போய், 'டைப்-சி' முனை வந்து விட்டது. ஐரோப்பிய யூனியனில் புதிதாக விற்கும் லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதல் இந்த முனை கட்டாயம் என்று சட்டமே செய்திருக்கிறார்கள்.

இங்கும் பேச்சு வார்த்தை உண்டு. செருகியவுடன் 5 வோல்ட்தான் வரும். பிறகு சார்ஜர், "என்னால் 9, 15, 20 வோல்ட் தர முடியும்" என்று சொல்லும். லேப்டாப் வேண்டியதைக் கேட்டு வாங்கிக் கொள்ளும். சிறிய போன் சார்ஜருக்கு அவ்வளவு சக்தி இராது. அப்போது 'மெதுவான சார்ஜர்' என்று எச்சரிக்கை வரும். அல்லது சார்ஜே ஏறாது. கேபிளும் முக்கியம். 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே ஓர் அடையாளச் சில்லு இருக்க வேண்டும். சார்ஜர் பெரிது, கேபிள் சாதாரணம் என்றால் பயனில்லை.

கோளாறே இல்லாத கோளாறு

சிலருக்கு 60 அல்லது 80 சதவிகிதத்தோடு சார்ஜ் நின்று விடும். "போயிற்று!" என்று பதறுவார்கள். ஒன்றும் போகவில்லை. எப்போதும் முழுச் சார்ஜிலேயே இருந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். அதனால் அந்த அளவோடு நிறுத்தும் ஏற்பாடு பல லேப்டாப்களில் இருக்கிறது. பேட்டரிப் பாதுகாப்பு என்ற பகுதியில் அதை மாற்றிக் கொள்ளலாம்.

நிஜமாகவே பேட்டரி தளர்ந்து விட்டதா என்று அறியவும் வழி உண்டு. விண்டோஸ் லேப்டாப்பில் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுத்துத் தரச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே போயிருந்தால் புது பேட்டரிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் தாமதம் கூடாது. லேப்டாப்பின் அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள். அழுத்திப் பார்க்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

கம்மல் என்ன ஆயிற்று?

தையற்காரர் வீட்டுக்கு வருவோம். மூன்றாவது வீட்டுக் கல்லூரி மாணவனிடம் அதே வகை 65 வாட் அடாப்டர் இருந்தது. வாங்கி வந்து செருகினோம். எச்சரிக்கை வரவில்லை. சார்ஜ் விளக்கு எரிந்தது. எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறத் தொடங்கியது.

அவர்களுடைய அடாப்டரை எடுத்துப் பார்த்தேன். முனையின் கழுத்தில் ஒயர் நைந்து போயிருந்தது. பெண் அதைத் தினமும் பெட்டியின் மேல் இறுக்கிச் சுற்றிப் பையில் திணித்திருக்கிறாள்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு அடாப்டர் ஒன்றைச் செருகிப் பார்க்கும் பொறுமை அவருக்கு இல்லை. அவ்வளவுதான். ஆகவே, யாராவது "போர்டு போய்விட்டது" என்று சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "வேறு நல்ல அடாப்டர் போட்டுப் பார்த்தீர்களா?"

புது அடாப்டர் 1,800 ரூபாயோடு முடிந்தது. திங்கட்கிழமை பெண் பிராஜெக்டைக் கொடுத்து விட்டாள். கம்மல் இருக்க வேண்டிய காதிலேயே இருக்கிறது.

தையற்காரர் மட்டும் அந்த நைந்த ஒயரை வெகு நேரம் கையில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"நல்ல கதை சார்! நூல் அறுந்ததுக்கு மெஷினையே மாத்தப் பார்த்தேனே!"